அகராதிக்குள் போன ராமசாமி

1886இல் லண்டனில் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்றொரு அகராதி வெளியானது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் தங்கள் பேச்சில் கலந்துகொண்ட சொற்களின் தொகுப்பு அது. ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் என்ற இருவர் சேர்ந்து செய்தது. பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர், அதனால் நம்மூர்ச் சொற்களுக்குக் குறைவில்லை. கட்டுமரம் இருக்கிறது, சுருட்டு இருக்கிறது, மிளகுத்தண்ணி இருக்கிறது. R வரிசையில் 'ராமசாமி'யும் இருக்கிறார்.

அந்தப் பதிவு இரண்டு பொருள் தருகிறது. ஒன்று, தெற்கில் சகஜமான ஒரு பெயரின் சிதைவு. இந்துக்கள் எல்லாருக்கும் பொதுப்பெயராக, குறிப்பாக இலங்கைக்குப் போன கூலிகளைக் குறிக்கப் பயன்படுவது. இரண்டாவது, சுருட்டுப் பற்றவைப்பதற்காக ஒரு குழாய்க்குள் வைக்கப்படும் முறுக்கிய பருத்தித் திரி. எங்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தூத்துக்குடியில் கப்பலேறி கொழும்புக்குப் போன ஆயிரக்கணக்கானவர்களில் குப்பன், சுடலை, இசக்கி எல்லாரும் இருந்திருப்பார்கள். துரைக்கு எல்லாரும் ராமசாமி. திரிக்கும் அதே பெயர்.

அந்தப் பதிவில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. தாக்கரே தன் நூலொன்றில், கத்தியால் எடுத்துச் சாப்பிடும் ஓர் இளவரசியைக் கிண்டல் செய்யும்போது, 'ராமோ சாமி' என்ற இந்திய வித்தைக்காரனைப் போல அவள் கத்தியையே விழுங்கிவிடுவாள் போலிருந்தது என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அது 1840கள். விளக்கம் எதுவும் இல்லாமல் தாக்கரே அந்தப் பெயரைச் சொல்கிறார். அன்றைய லண்டன் வாசகருக்கு ராமோ சாமி யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதோடு இன்னொரு அகராதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1920இல் அமெரிக்காவின் ஃபங்க் அண்ட் வாக்னல்ஸ் அகராதி 'ஹூடினைஸ்' என்றொரு வினைச்சொல்லைச் சேர்த்தது. நெளிந்து வளைந்து கட்டிலிருந்து விடுவித்துக்கொள்வது என்று பொருள். ஹாரி ஹூடினிக்கு அதில் ஏகப் பெருமை. இரண்டு வித்தைக்காரர்கள், இரண்டு அகராதிகள். ஒருவர் தப்பித்தலுக்கே பெயராகிவிட்டார். இன்னொருவரின் பெயர் கூலிக்கும் திரிக்கும் போனது. எனக்கு ஹூடினியைச் சின்ன வயதிலிருந்து தெரியும், பூந்தளிர் கோகுலம் வகையறாப் பத்திரிகைகளே போதும். ராமோ சாமியைத் தெரிந்துகொள்ள முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

1813இல் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் கேப்டன் ஒருவர் இந்திய வித்தைக்காரர் குழு ஒன்றை லண்டனுக்கு அழைத்து வந்தார். பால் மால் தெருவில் காட்சி. பணக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். கிண்ணங்களும் பந்துகளும், அதாவது நம் செப்படி வித்தை. நான்கு பித்தளைப் பந்துகளை ஒன்று மாற்றி ஒன்று காற்றில் சுழற்றுவது. கால்விரல்களில் வளையங்களைச் சுழலவிடுவது. கடைசியாக வாள் விழுங்குவது. வாள் விழுங்குவது அன்றைய லண்டன்வாசிகள் பெரும்பாலோருக்குப் புதுமை என்றே சொல்ல வேண்டும். காட்சி பிய்த்துக்கொண்டு போனது. அடுத்தடுத்துக் குழுக்கள் வந்தன. 1810களின் இறுதிக்குள் விளம்பரங்களில் ஒரு பெயர் மட்டும் தனியாக மேலேறி நிற்கிறது: ராமோ சாமி. ராமசாமி என்பது ஆங்கிலக் காதில் விழுந்த விதம். இங்கிலாந்து முழுக்கச் சுற்றினார், அமெரிக்காவுக்கும் போய் வந்தார், லண்டனில் கோபர்க் தியேட்டர், வாக்ஸ்ஹால் பூங்கா என்று பெரிய மேடைகள் எல்லாம் ஏறினார். எல்லன் என்ற பெண்ணை மணந்து அங்கேயே தங்கிவிட்டார்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் வந்து நிற்கும் இடம் வில்லியம் ஹாஸ்லிட்டின் கட்டுரை. 1821இல் வந்த 'டேபிள்-டாக்' தொகுப்பில் 'இந்திய வித்தைக்காரர்கள்' என்று ஒன்று இருக்கிறது. ஹாஸ்லிட் பார்த்தது ராமோ சாமியைத்தான் என்பது பரவலான கருத்து. வெள்ளை உடையும் இறுக்கிய தலைப்பாகையுமாக ஒருவர் தரையில் வந்து உட்காருகிறார். இரண்டு பந்துகளில் ஆரம்பிக்கிறார். அதை நாமும் செய்துவிடலாம். பிறகு நான்கு. அதை உயிர் போகிற நிலையிலும் நம்மால் செய்ய முடியாது என்கிறார் ஹாஸ்லிட். அதற்கப்புறம் அவர் தன்னையே கேட்டுக்கொள்கிற கேள்விதான் கட்டுரையின் உயிர்: இந்த அளவுக்கு நான் சரியாகச் செய்கிற காரியம் ஏதாவது உண்டா? பந்தில் ஒரு மயிரிழை தவறினால் எல்லாம் போச்சு. எழுத்தில் தவறினால் யாருக்கும் தெரிவதில்லை. எவ்வளவு பிழைகள், எவ்வளவு அரைகுறை வாதங்கள், அப்படியும் கட்டுரை என்று பெயர். எழுதுகிற யாரையும் கொஞ்சம் நெளிய வைக்கும் பக்கங்கள் அவை. இன்னொரு காட்சியில் அந்தக் கலைஞரின் கால்கள் வெறுமையாக இருந்ததையும், விரல்களில் மாட்டிய பெரிய வளையங்கள் தாமாகவே சுற்றுவதுபோல் கடைசிவரை சுற்றிக்கொண்டே இருந்ததையும் ஹாஸ்லிட் நினைவுகூர்கிறார். வாள் விழுங்குவது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. போலீஸ் தலையிட்டு நிறுத்த வேண்டும் என்கிறார்.

எனக்கு இந்தக் கட்டுரையில் வேறொன்று உறுத்தியது. கடைசியில் ஹாஸ்லிட், ஜான் கவானா என்ற பந்தாட்டக்காரருக்கு ஒரு நீண்ட அஞ்சலியைச் சேர்த்திருக்கிறார். கவானா சுவருக்கு வெள்ளையடிக்கிற, பெயின்ட் வேலை செய்கிற ஆள். கையால் பந்தைச் சுவரில் அடிக்கும் 'ஃபைவ்ஸ்' ஆட்டத்தில் சூரர். அவர் பெயர், தொழில், எப்படி அடிப்பார், யாரோடு பந்தயம் கட்டினார், என்ன பேசினார் எல்லாம் வருகிறது. கட்டுரையின் முதல் பாதியில் உட்கார்ந்து நான்கு பந்து சுழற்றியவரோ 'இந்திய வித்தைக்காரர்களின் தலைவர்', அவ்வளவுதான். ஹாஸ்லிட் அவரை மட்டம் தட்டவில்லை, தன்னைவிட மேலே தூக்கி வைக்கிறார். அப்படித் தூக்கி வைத்தவருக்கே ஒரு பெயர் தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம். கவானாவின் திறமை கவானாவுடையது. ராமசாமியின் திறமை இந்தியாவுடையதாகிவிட்டது.

வாள் விழுங்குவதில் ஏமாற்று எதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மடங்கும் வாள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நிஜ வாள், நிஜத் தொண்டை. தலையை நன்றாகப் பின்னால் சாய்த்தால் வாயிலிருந்து இரைப்பை வரை ஒரு நேர்கோடு கிடைக்கும். எதைத் தொட்டாலும் குமட்டும் அந்த அனிச்சையை, சிறகு, குச்சி, மழுங்கிய கம்பி என்று வருடக்கணக்கில் பழக்கி அடக்க வேண்டும். 1868இல் ஃப்ரைபர்க் நகரில் அடோல்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர், மனித இரைப்பையைக் குழாய் வழியாக எட்டிப்பார்க்க முயன்றபோது வாள் விழுங்கும் ஒருவரைத்தான் தேடிப் பிடித்தார். இன்று ஆஸ்பத்திரியில் நமக்குச் செய்கிற எண்டோஸ்கோபிக்கு முன்னோடி ஒரு வித்தைக்காரரின் தொண்டை.

ராமோ சாமியிடம் இன்னொரு உருப்படி இருந்தது. மணிகளை வாய்க்குள் போட்டுக்கொண்டு, குதிரை மயிர் ஒன்றையும் உள்ளே விட்டு, நாக்காலேயே கோத்து, சரமாக வெளியே இழுப்பார். இந்தச் சரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடைக்குப் போகாத வித்தைகளும் உண்டு. அவற்றில் ஒன்றை நான் கூடங்குளத்திலேயே பார்த்திருக்கிறேன். அணு உலைக்குக் கான்கிரீட் போட ஆரம்பிப்பதற்கு முந்தைய வருடங்கள், எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கலாம். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வட்டம் போட்டுவிட்டார் ஒருவர். கீரி இருந்தது, பாம்புப் பெட்டி இருந்தது. யாரும் கையைக் கட்டக் கூடாது, பாதியில் இடத்தை விட்டு நகர்ந்தால் ரத்தம் கக்கிச் சாவான் என்று வழக்கமான மிரட்டல். கூட இருந்த பையனை ஒரு வலைக்குள் போட்டுக் கட்டி, வாய் குறுகி வயிறு பருத்த ஒரு கூடைக்குள் இறக்கினார். அன்றைக்கு இடிந்தகரையிலிருந்து மீன் கொண்டுவந்திருந்த பெரியவர் ஒருவர் கூட்டத்தில் நின்றார். வாழ்நாள் முழுக்க வலையும் முடிச்சுமாகவே கழித்த ஆள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏ வித்தக்காரரே, முடிச்ச நாங் கட்டுதேன்."

"கட்டுங்கய்யா. ஒங்க கையாலயே கட்டுங்க."

கட்டினார். பையன் முனகுகிற அளவுக்கு இறுக்கினார். கூடைமேல் துணியை மூடி, மகுடி ஊதி, கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து வலை மட்டும் வெளியே வந்து விழுந்தது. பிறகு கத்தியைக் கூடையில் நாலா பக்கமும் குத்தி எடுத்தார். பெரியவர் கத்தியைப் பார்க்கவே இல்லை. வலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "முடிச்சு அவுரலியே. நாங் கட்டுன மாதியே கெடக்கு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். கடைசியில் தாயத்து ஒன்றும் வாங்கிக்கொண்டு போனார்.

இந்த வித்தையின் ரகசியம் நூறு வருடங்களுக்கு மேலாக அச்சில் இருக்கிறது, அதனால் சொல்வதில் துரோகம் இல்லை. கட்டும்போது பையன் உடம்பை விரித்து, முழங்காலைத் தூக்கி, வலையில் கொஞ்சம் தளர்வைச் சம்பாதித்துக்கொள்கிறான். மூடியபின் உடம்பைச் சுருக்கினால் முடிச்சைத் தொடாமலேயே நழுவ இடம் கிடைக்கும். பிறகு கூடையின் பருத்த வயிற்றுச் சுவரோடு சுவராகப் பாம்பு மாதிரி சுருண்டு படுத்துக்கொள்கிறான், கத்தி நடுவெற்றிடத்தில் போகிறது. 1865இல் கர்னல் ஸ்டோடேர் என்ற மேடைப்பெயர் கொண்டவர் இதையே 'இந்தியக் கூடை வித்தை' என்று லண்டன் எகிப்தியன் ஹாலில் காட்டிப் பேர் வாங்கினார். மூச்சை இழுத்து நெஞ்சை விரித்துத் தளர்வைத் திருடுவது, பிறகு சுருங்கி வெளியேறுவது. ஹூடினியின் கயிற்றுக்கட்டு வித்தைகளுக்கும் அடிப்படை இதுதான்.

எரிக் வைஸ் 1874இல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். அப்பா யூத மதகுரு. நான்கு வயதில் அமெரிக்கா, விஸ்கான்சினில் வறுமை. ராபர்ட்-ஹூடின் என்ற பிரெஞ்சு மந்திரவாதியின் சுயசரிதையைப் படித்து மயங்கி, அந்தப் பெயரோடு ஓர் 'இ'யைச் சேர்த்து ஹூடினி ஆனார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் தம்பியோடு சேர்ந்து வித்தை காட்டியபோது முகத்தில் சாயம் பூசி 'இந்து ஃபக்கீர்' வேடமும் போட்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1899 வரை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மார்ட்டின் பெக் என்ற ஏஜென்ட், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு விலங்கை மட்டும் அவிழ்க்கச் சொன்னார். அடுத்த வருடம் லண்டன். 1904இல் 'மிரர்' பத்திரிகை கொண்டுவந்த விசேஷ விலங்கை ஒரு மணி நேரத்துக்கு மேல் போராடிக் கழற்றினார். 1908இல் தண்ணீர் நிரப்பிய பால் கேன். 1912இல் ஆணியடித்த பெட்டியோடு நியூயார்க் ஈஸ்ட் ரிவருக்குள் இறங்கினார். அதே வருடம் தலைகீழாகத் தண்ணீர்க் கூண்டுக்குள்.

மென்பொருள் வேலையில் இருப்பதாலோ என்னவோ, எனக்கு ஹூடினி ஒரு தேர்ந்த பென்டெஸ்டர் மாதிரிதான் தெரிகிறார். பூட்டைப் பார்த்தால் அதன் வலுவைப் பார்க்க மாட்டார், அதைச் செய்தவர் எந்த இடத்தில் சோம்பேறித்தனம் பட்டிருப்பார் என்று பார்ப்பார். அந்தக் காலத்து விலங்குகளில் சில, சரியான இடத்தில் ஒரு தட்டுத் தட்டினாலே திறந்துகொள்ளும். பல மாடல்களுக்கு ஒரே சாவி. இதையெல்லாம் ஊர் ஊராகப் போய்ப் படித்து வைத்திருந்தார். குளிக்கும் தொட்டியில் மூச்சடக்கிப் பழகினார். உழைப்பில் குறை சொல்ல முடியாது.

அவர் மேடையில் கடைசிவரை செய்துவந்த ஒரு உருப்படி, பொட்டலம் பொட்டலமாக ஊசிகளை வாயில் போட்டு, நூலையும் போட்டு, எல்லா ஊசியும் கோத்த நூலாக மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுப்பது. அதற்கு அவர் வைத்த பெயர் 'கிழக்கிந்திய ஊசி வித்தை'. ராமோ சாமியின் மணிச்சரம்தான் இதன் மூதாதை என்பது வித்தை வரலாற்றுக்காரர்கள் பலரின் கருத்து. மணி ஊசியாயிற்று, குதிரை மயிர் நூலாயிற்று. பெயரில் 'கிழக்கிந்திய' என்ற ஒட்டு மட்டும் மிச்சம். இதில் திருட்டு என்று கத்த எனக்கு விருப்பமில்லை. வித்தைகள் அப்படித்தான் கைமாறும். ராமசாமியும் யாரிடமோ வாங்கியதுதான். நான் எழுதும் எந்த நிரலுக்கு அடியிலும் முகம் தெரியாத ஐம்பது பேர் எழுதிய ஓப்பன் சோர்ஸ் நூலகங்கள் கிடக்கின்றன. ஆனால் அங்கே லைசென்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும், அதில் எழுதியவரின் பெயர் இருக்கும். யாரும் படிப்பதில்லை, இருந்தாலும் இருக்கும்.

பெயரின் அருமை ஹூடினிக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர்க் கூண்டு வித்தையை யாரும் நகலெடுத்துவிடக் கூடாது என்று 1911இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் அதை ஒரு 'நாடகமாக' நடத்தினார். பார்வையாளர் ஒரே ஒருவர். நாடகம் என்றால் காப்புரிமை வாங்கலாம், வித்தைக்கு வாங்க முடியாது. அவர் அவிழ்த்த பூட்டுகளைவிட இந்த ஒரு பூட்டைப் போட்ட சாமர்த்தியம்தான் என்னை அசத்துகிறது. 1908இல் தனக்குப் பெயர் கொடுத்த ராபர்ட்-ஹூடினையே கிழித்து ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய கண்டுபிடிப்புகள் எல்லாம் இரவல் என்பது வாதம். அதில் ஒன்று, 1847இல் ராபர்ட்-ஹூடின் தன் மகனை ஈதர் மயக்கத்தில் இருப்பதுபோல் ஒற்றைக் கம்பின்மேல் அந்தரத்தில் கிடத்திய வித்தை. அதற்குச் சுமார் இருபது வருடம் முன்பே மதராசில் சேஷாலு என்பவர் ஒரு கோலின்மேல் கையை மட்டும் ஊன்றி அந்தரத்தில் உட்கார்ந்து காட்டியிருந்தார். கோலுக்குள்ளும் சட்டைக்கைக்குள்ளும் மறைந்த இரும்புச் சட்டம்தான் சூட்சுமம். 1832இல் லண்டன் 'சாட்டர்டே மேகசின்' படத்தோடு போட்டது. தலைப்பு, 'காற்றில் அமர்ந்த பிராமணர்' என்கிற மாதிரி. இங்கேயும் ஆள் பின்னால் போய்விட்டார், வகை முன்னால் வந்துவிட்டது.

ஆளில்லாமல் வகை மட்டும் போதும் என்றானபின் வித்தையே இல்லாமலும் ஓட்டலாம் அல்லவா? 1890 ஆகஸ்டில் 'சிகாகோ ட்ரிப்யூன்', இந்தியாவில் ஒரு ஃபக்கீர் கயிற்றை வானத்தில் எறிய, அதில் ஒரு பையன் ஏறி மறைந்ததாகச் செய்தி போட்டது. எழுதியவர் ஜான் வில்கி. சந்தா சேர்க்க விட்ட கதை என்று சில மாதங்களில் பத்திரிகையே ஒப்புக்கொண்டது. மறுப்பு யார் கண்ணிலும் படவில்லை; 'இந்தியக் கயிறு வித்தை' உலகப் புகழ் பெற்றுவிட்டது. வில்கி பிறகு அமெரிக்க சீக்ரெட் சர்வீஸின் தலைவரானார். நம்மவர்களும் அந்த வேடத்தையே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். பி.சி. சர்க்கார் மகாராஜா தலைப்பாகையோடுதான் உலகம் சுற்றினார். 1956 ஏப்ரலில் பி.பி.சி. நிகழ்ச்சியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்து, அவள் எழுவதற்குள் நேரம் முடிந்துவிட, பதறிப்போனவர்களின் போன் அழைப்புகளால் பி.பி.சி. திணறியது. 2019 ஜூனில் சஞ்சல் லாஹிரி என்ற கொல்கத்தா வித்தைக்காரர், சங்கிலியும் பூட்டுமாக ஹூக்ளி நதிக்குள் இறங்கியவர் மேலே வரவில்லை. மறுநாள் உடல் கிடைத்தது. செய்திகள் எல்லாம் அவர் செய்ய முயன்றதை 'ஹூடினி வித்தை' என்றே எழுதின.

ராமசாமிக்குத் திரும்ப வருகிறேன். அவர் காட்சியைப் பார்த்துவிட்டுத் தொழிலுக்கு வந்தவர்கள் லண்டனில் இருந்தார்கள். ஹென்றி மேயூ என்ற பத்திரிகையாளர் லண்டன் ஏழைகளைச் சந்தித்து எழுதிய தொகுப்பில் ஒரு தெரு வித்தைக்காரர் பேசுகிறார். குட்டிக்கரணம் அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்த பையன் அவர். ஒருநாள் தியேட்டரில் ராமோ சாமியைப் பார்த்த அந்த நிமிடமே கரணமெல்லாம் மறந்துபோய், அவர் மாதிரி செய்ய வேண்டும் என்பது மட்டுமே மனதில் நின்றதாம். ஓர் ஆசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும். 1849இல் சார்லஸ் டிக்கன்ஸ்கூட வைட் தீவில் நண்பர்களுக்காக மந்திரவாதி வேடம் போட்டார். அதற்கு அவர் சூட்டிக்கொண்ட பெயர் 'ரியா ராமா ரூஸ்'. எல்லாரும் சிரித்திருப்பார்கள். அப்போது நிஜ ராமசாமி லண்டனில் உயிரோடுதான் இருந்தார், வயதாகி, புதுமை தீர்ந்து, சின்ன மேடைகளுக்கு இறங்கி. வாளும் பந்தும் இப்போது உள்ளூர்க்காரர்கள் தெருவிலேயே செய்கிறார்கள், பாதிப்பேர் அவரைப் பார்த்துக் கற்றவர்கள்.

1926 அக்டோபர் 31 அன்று டெட்ராய்ட்டில் ஹூடினி இறந்தபோது, உயிரோடு புதைந்து மீளும் வித்தைக்காகச் செய்து வைத்திருந்த வெண்கலப் பெட்டியிலேயே உடலை ரயிலில் நியூயார்க் கொண்டுபோனார்கள். அம்மாவின் கடிதங்களைத் தலைக்குக் கீழே வைத்தார்கள். ஊர்வலத்துக்கு இரண்டாயிரம் பேர் வந்தார்கள்.

ராமோ சாமி 1850 ஆகஸ்டில் லண்டனில் இறந்தார். வீட்டில் பணமில்லை. எல்லன் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார். தன் கணவரின் வித்தையைப் பார்த்து ரசித்தவர்கள் அவரை அடக்கம் செய்ய ஏதாவது உதவ வேண்டும் என்று.